அது அம்மாவின் குணம் அல்ல

மாதவிடாய் பற்றிப் பேச நம் இளந்தோழர்கள் இன்று தயங்குவதில்லை. தீட்டு என்கிற கற்பிதத்தை மேடைகளில் உடைக்கிறார்கள், நாப்கின் கேட்டுப் போராடுகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதில் ஒரு பெண்ணின் மனம் என்ன பாடுபடுகிறது என்று நம் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு 49 வயது. சத்துணவு மையத்தில் சமையல் வேலை. இரண்டு ஆண்டுகளாக இரவில் உடம்பு தீப்பிடித்தது போல் எரிந்து, வியர்த்து, விழிப்பு வந்துவிடும். பிறகு விடியும்வரை தூக்கமில்லை. பகலில் காரணமில்லாமல் அழுகை. பிள்ளைகள் பேசினால் எரிச்சல். செத்துப்போனால் தேவலை என்றுகூடத் தோன்றியது. சுற்றியிருந்தவர்கள் சொன்னது, "இவளுக்குத் திமிரு ஏறிப்போச்சு."

இது திமிரும் இல்லை, குணமும் இல்லை. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டது என்று மருத்துவம் சொல்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்கத் தொடங்கும். மனநிலையைச் சீராக வைத்திருக்கும் மூளையின் வேதிப்பொருட்களையும் அது அசைக்கிறது. தூக்கம் கெடுவதால் பாதிப்பு இன்னும் கூடுகிறது. எல்லாப் பெண்களுக்கும் மனச்சோர்வு வருவதில்லை. ஆனால் முன்பே, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின், மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இந்த வயதில் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

ஹார்மோனுக்குச் சாதி கிடையாது. ஆனால் ஓய்வுக்கு உண்டு. அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்க எங்கள் பெண்களுக்கு அறையும் இல்லை, விடுப்பும் இல்லை. இந்தக் காலத்தில் உதிரப்போக்கு தாறுமாறாக வரும். நடவு வயலில், செங்கல் சூளையில், தெருக்கூட்டும் இடத்தில் ஒதுங்கக் கழிப்பறை எங்கே இருக்கிறது? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம் என்பதும் அதற்கு ஒரு காரணம். கர்ப்பப்பையோடு சூலகத்தையும் எடுத்துவிட்டால், ஐம்பதை ஒட்டி மெல்ல வரவேண்டிய மாற்றம் முப்பது வயதில் ஒரே நாளில் வந்து இறங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 10 முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்குச் சபரிமலையில் தடை இருந்தது. அந்த வயதைத் தாண்டினால் பெண் 'தூய்மை' பெற்றுவிடுவாளாம். மாதவிடாய் நின்ற பிறகும் நான் சமைத்த சோற்றைச் சில வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று தடுத்தார்கள். மாதாமாதம் வந்த தீட்டு போய்விட்டது. பிறப்பில் ஒட்டவைத்த தீட்டு போகவில்லை. இந்த அவமானத்தைத் தினமும் விழுங்குகிற மனத்தை ஹார்மோன் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

ஒரு மருத்துவமனையில், "வயசானா இப்படித்தான்மா" என்று சத்து மாத்திரை தந்து அனுப்பினார்கள். வேறொரு மருத்துவர்தான் இரத்தத்தின் அளவையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொன்னார். அவற்றில் குறை இருந்தாலும் இதே சோர்வு வரும் என்றார். பிறகு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மாத்திரையும் மனநல ஆலோசனையும் ஆறேழு வாரங்களில் என்னைத் தூங்கவைத்தன. சிலருக்கு ஹார்மோன் சிகிச்சை உதவும். மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ வந்தவர்களுக்குப் பொதுவாக அது ஆகாது, எனவே மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. தேவைப்பட்டது இவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டடைய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

1928இல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். பெண்ணின் உடல்பாடு அவள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல, சமூகத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பதே அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம் கூடவே இரண்டு கேள்விகள் கேட்கட்டும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? உலகம் முழுக்க மருத்துவர்கள் மனச்சோர்வை முதலில் கண்டறியக் கேட்கும் கேள்விகள்தாம் இவை. ஆம் என்பவர்களை மருத்துவமனைக்கு அனுப்பட்டும். அந்த நாளுக்கான கூலியும் கிடைக்கட்டும். இதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம், தோழர்களே. இன்று வீட்டுக்குப் போனதும் "ஏம்மா சும்மா கத்துற" என்பதற்குப் பதில், "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று கேளுங்கள். சாகத் தோன்றுகிறது என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். அன்றைக்குச் சோறாக்குவதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.