ஒல்லி ஆள் வயிற்றில் ஒளிந்திருக்கும் கொழுப்பு!

"நமக்கெல்லாம் சர்க்கரை வராதுங்க. உடம்பில கறியே இல்லே, கொழுப்பு எங்கேருந்து வரும்?"

டீக்கடையிலும் மின்சார ரயிலிலும் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. சொல்கிறவர் ஒல்லியாகத்தான் இருப்பார். கையும் காலும் குச்சி மாதிரி. சட்டைக்குள் வயிறு மட்டும் லேசாக முன்னே தள்ளியிருக்கும்.

அந்த வயிறுதான் விஷயம்!

2004-ம் ஆண்டு "லான்செட்" மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் அதில் இருந்தார்கள். உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. எக்ஸ்ரே கருவியில் உடம்பை அளந்து பார்த்தார்கள். லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். புனேக்காரர் உடம்பில் 21.2 சதவீதம்! இரண்டு மடங்குக்கும் மேல்.

லண்டன் டாக்டர் மாரத்தான் ஓடுகிறவர். புனே டாக்டரின் ஓட்டமோ, ஆஸ்பத்திரி லிப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான்! அவர்களே வேடிக்கையாக அப்படி எழுதினார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற குமாஸ்தாக்களுக்கு இது புரியும்.

ஓடாதது மட்டும் காரணம் அல்ல. புனே பக்கத்து கிராமங்களில் 1993-ல் கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5 கிலோ. நம் குழந்தைக்கு தசை குறைவு. ஆனால் முதுகுத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியிலும் கொழுப்பு, பிறவியிலேயே!

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் கிள்ளிப் பார்க்கலாம். குடலைச் சுற்றியும் ஈரலிலும் சேருகிற கொழுப்பு கைக்கு அகப்படாது. அதுதான் பொல்லாதது. ஈரலில் கொழுப்பு ஏறினால், அது இன்சுலின் பேச்சைக் கேட்காது. வேண்டாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும்.

தசையின் கதையும் இதுதான். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை வாங்கி வைக்கிற பெரிய கிடங்கு தசை. கறிக்கடையில் தொங்கும் ஆட்டுக்கறியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடுமே, அதுபோல உட்கார்ந்தே இருப்பவரின் தொடைக்கறிக்குள்ளும் கொழுப்பு புகுகிறது. கிடங்கு சிறிசு, கதவும் சரியாகத் திறப்பதில்லை. சர்க்கரை எங்கே போகும்? ரத்தத்திலேயே நிற்கும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக் கணக்குப்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, கம்பெனிகளில் நடக்கிற மருத்துவ முகாமில் என்ன செய்கிறார்கள்? எடை மெஷினில் ஏற்றுகிறார்கள். "நார்மல், போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். மெஷினுக்குக் கறியும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. மொத்தம்தான் தெரியும்.

30 வயது தாண்டியவர்களுக்காக மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் ஒரு படிவம் இருக்கிறது. அதில் வயிற்றுச் சுற்றளவுக்கும் ஓர் இடம் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆளைக் கண்ணால் பார்த்து உத்தேசமாக எழுதினால் அது வெறும் காகிதம். டேப் பிடித்து அளந்து எழுத வேண்டும். வீடு தேடி வரும் ஊழியர் ஒவ்வொருவர் பையிலும் ஒரு டேப் இருக்க வேண்டும். அதற்கு என்ன பெரிய செலவு?

"பேன்ட் சைஸ் 34தானே" என்று வாதாட வேண்டாம். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35½ அங்குலம். பெண்களுக்கு 80, அதாவது 31½. அதற்கு மேல் போனால், எடை சரியாக இருந்தாலும் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்துவிடுவது நல்லது.

கல்லாவில் காலை முதல் இரவு வரை உட்காருகிற கடைக்காரர், நடப்பதோடு நிறுத்தாமல் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரலாம். சரக்கு மூட்டையில் சின்னதாக ஒன்றைப் பையனிடம் விடாமல் தானே தூக்கி வைக்கலாம்.