எடையைக் குறைத்து அனுப்புங்கள்

மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஓய்வுபெற்ற கார்டு. பழைய போனை என்னிடம் நீட்டி, "என்னம்மா இது, சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். திறக்காமல் நின்ற அந்தத் தமிழ்ப் பக்கம் நான் எழுதியது.

ஸ்கிரிப்ட் கோப்புகளைக் குறிப்புகளோடும் வெற்றிடங்களோடும் அப்படியே ஏற்றியிருந்தேன். உதாரணத்துக்கு, ஜேக்வெரி 3.7.1 ஸ்கிரிப்ட் நூலகத்தின் முழுக் கோப்பு சுமார் 285 கிலோபைட். சுருக்கியது 87 தான். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே.

அன்றிரவே கோப்புகளைச் சுருக்கித் தரும் இஎஸ்பில்ட் கருவியைப் பொருத்தினேன். 2020-இல் இவான் வாலஸ் வெளியிட்டது. நொடிக்குள் வேலையை முடித்துவிடும். ஆனால் நம் மொழிக்கு அதில் ஒரு சிக்கல். 'த' என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். கருவியை இயல்பு அமைப்பிலேயே விட்டால், அதைச் சாய்கோடு போட்ட 6 எழுத்துக் குறியீடாக்கிவிடும். 'தமிழ்' என்ற சொல் 15 பைட்டிலிருந்து 30 ஆகிறது! சுருக்கப் போய்ப் பெருக்கிவிடுகிறோம். சார்செட் அமைப்பை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் போதும், எழுத்து எழுத்தாகவே நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் தளம் நடத்துபவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

சுருக்குவதை மனித நினைவுக்கு விடக் கூடாது, ஏற்றும்போதெல்லாம் பில்ட் கருவியே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூலக் கோப்பு நம்மிடம் பத்திரமாக இருக்கட்டும். தமிழில் தளம் நடத்தும் நண்பர்களே, இன்றே உங்கள் கோப்பின் எடையைப் பாருங்கள்.