இறங்கினவுடனே ஓட வேண்டாம்

பள்ளி விடுமுறை வருகிறது. ஊரிலிருந்து அம்மம்மா, அப்பப்பா வந்து இறங்குகிற காலமும் இதுதான். ஆக்லாந்துக்குப் பெரிய விமானத்தில் வருகிறவர்கள் அநேகமாக ஏரோபிரிட்ஜ் வழியாகவே கட்டிடத்துக்குள் நடந்து வந்துவிடுவார்கள். ஆனால் அங்கிருந்து நேப்பியருக்கோ பாமர்ஸ்டன் நோர்த்துக்கோ போகிற சின்ன விமானம் அப்படியில்லை. படியால் இறங்கி, திறந்தவெளியில் நடக்க வேண்டும். சென்னையிலிருந்து பலாலிக்கு ஏடிஆர் விமானத்தில் போனவர்களுக்கு இந்த நடை தெரிந்திருக்கும்.

"ரன்வேயில இறங்கி நடந்தம்" என்று நாங்கள் சொல்லுவோம். அது ரன்வே இல்லை. ரன்வே என்பது விமானம் ஓடி ஏறுகிற பாதை. நாங்கள் நடப்பது விமானங்களை நிறுத்தும் தளம். ஏப்ரன் என்றும் ராம்ப் என்றும் சொல்லுவார்கள். பெட்டி இழுக்கும் வண்டி, எரிபொருள் வண்டி, பக்கத்து விமானம் எல்லாம் அசைகிற இடம். வீட்டுக்கு முன்னால் இருக்கிற ரோட்டைவிட ஆபத்தான இடம், ஆனால் பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய விளையாட்டு மைதானம் மாதிரித் தெரியும்.

ஏர் நியூசிலாந்தின் உள்ளூர்ச் சேவையில் இரண்டு வகை புரொப்பெல்லர் விமானங்கள் பறக்கின்றன. 68 பேர் போகிற ஏடிஆர் 72இல் வாசல் வால் பக்கம். 50 பேர் போகிற கியூ300இல் வாசல் முன்பக்கம். அதனால் புரொப்பெல்லர் ஒன்றில் உங்களுக்கு முன்னால் இருக்கும், மற்றதில் பின்னால் இருக்கும். போன தடவை நடந்த பழக்கத்தில் இந்தத் தடவையும் நடக்க ஏலாது. அந்த விசிறியின் குறுக்களவு கிட்டத்தட்ட 4 மீட்டர். வேகமாகச் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. நின்றுவிட்டது என்று நினைத்தாலும் காற்றில் மெல்லச் சுழலும். ஏடிஆரில் இன்னொன்று: விசிறியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, மின்சாரத்துக்காக வலப்பக்க எஞ்சினை மட்டும் ஓடவிடும் வசதி உண்டு. விசிறி நிற்குது, எஞ்சின் நிற்கவில்லை!

பிள்ளைகளுக்கு ஒரு அடையாளம் சொல்லிக் கொடுங்கள். விமானத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், எஞ்சின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது என்று அர்த்தம். அங்கே வேலை செய்கிறவர்களே அதைப் பார்த்துத்தான் கிட்டப் போவார்கள்.

போன வருடம் என் அம்மா படியால் இறங்கியதும் நின்று, இறக்கையோடு சேர்த்துப் பேரனைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்தார். மஞ்சள் சட்டை போட்ட பெண் ஆங்கிலத்தில் ஏதோ கூப்பிட்டுச் சொன்னார். பக்கத்து விமானச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலமும் விளங்காது. என் எட்டு வயது மகன்தான் அவரின் கையைப் பிடித்து, "அம்மம்மா, அங்கால போகக்கூடாது, இஞ்சால வாங்கோ" என்றான். தமிழ் வகுப்புக்கு ஏன் போக வேணும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இனி நான் இந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பெரியவர்கள் பொறுமை இழப்பதும் உண்டு. 2022 ஆகஸ்டில் ஹைதராபாத்திலிருந்து டெல்லிக்கு வந்த ஸ்பைஸ்ஜெட் பயணிகள் சிலர், பஸ் வரத் தாமதமானதால் தளத்திலே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்திய விமானத்துறை விசாரணை வைத்தது. 2024 ஜனவரியில் மும்பையில் இண்டிகோ பயணிகள் விமானத்துக்குப் பக்கத்திலேயே தரையில் இருந்து சாப்பிட்டார்கள். அந்த நிறுவனத்துக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம். கோபம் நியாயமாக இருக்கலாம், ஆனால் வண்டி ஓட்டி வருகிறவருக்கு இருட்டில் நீங்கள் தெரியவேண்டுமே.

அதனால் சீட்டை விட்டு எழும்ப முன்னமே வீட்டு ஆட்களோடு இதைப் பேசிக்கொள்ளுங்கள்:

யார் யாருடைய கையைப் பிடிப்பது? இரண்டு பிள்ளைகள் என்றால், பை தோளில். கை இரண்டும் பிள்ளைகளுக்கு.

சத்தத்தில் குரல் கேட்காது. கையை உயர்த்தினால் "நில்", அசைத்தால் "வா" என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

தொப்பி, டிக்கெட், பொம்மை எல்லாம் பைக்குள். ஆக்லாந்துக் காற்று உங்களுக்குத் தெரியும்தானே. பறந்து போன தொப்பிக்குப் பின்னால் பிள்ளை ஓடும். எஞ்சின் அதை உறிஞ்சினால் எஞ்சினுக்கும் கேடு. அம்மாவின் சேலை முந்தானையை இடுப்பில் செருகச் சொல்லுங்கள்.

காதில் இருக்கிற ஹெட்போனைக் கழற்றச் சொல்லுங்கள். போன் கட்டிடத்துக்குள் போன பிறகு.

கோன் வைத்த, கோடு போட்ட வழியை விட்டு இறங்க வேண்டாம். இறக்கைக்குக் கீழே குறுக்கு வழி கிடையாது, அது எவ்வளவு கிட்டவாகத் தெரிந்தாலும்.

முழங்கால் வலி இருக்கிற பெரியவர்களுக்குப் படியே பெரிய சோதனை. டிக்கெட் எடுக்கும்போதே உதவி கேட்டு வையுங்கள். "எனக்கு வீல்சேர் வேண்டாம், நான் நடப்பன்" என்று அப்பா சொல்லுவார், என் அப்பாவும் சொல்லுவார். மழையில் நனைந்த படியைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் இறங்கி வருவார். அவசரமாக இறங்குகிற ஆட்களை முன்னால் விட்டு, கடைசியாக இறங்குங்கள். பெட்டி வர எப்படியும் நேரம் எடுக்கும்.