கெராச்சுட் ஏரிக்குச் சாலை வேண்டாம்

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை ஏறும் பக்தர்களில் எத்தனை பேருக்கு, அதே தீவின் வடமேற்கு மூலையில் காட்டுக்குள் ஓர் ஏரி இருப்பது தெரியும்?

பினாங்கு தேசியப் பூங்காவில், கெராச்சுட் கடற்கரையை ஒட்டிக் கிடக்கிறது அது. மேலே ஆற்று நன்னீர், அடியில் கடலின் உப்புநீர், இரண்டும் கலப்பதில்லை. வறண்ட மாதங்களில் ஏரி வற்றிச் சேறு தெரியும். மழை பெய்தால் மறுபடி நிறையும்.

தெலுக் பகாங்கிலிருந்து காட்டுப்பாதையில் நடக்க வேண்டும், இல்லையேல் படகு. இந்தச் சிரமம்தான் ஏரிக்குக் காவல். 2021இல் யுனெஸ்கோ அறிவித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இந்தப் பூங்காவும் வருகிறது. பெருமைப்பட்டால் மட்டும் போதாது. நடைபாதையைச் செப்பனிடலாம், வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். சாலை, கடை, விடுதி என்ற பேச்சே எழக்கூடாது. கடலாமைகள் முட்டையிடும் மணலும் அங்கேதான் இருக்கிறது.