ஆலமரத்தடி இருக்கு, டீக்கடை எங்கே?

தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விஷயங்களைப் பேசுற பக்கத்துக்கு 'ஆலமரத்தடி'ன்னு பேர். செம பேரு. உதவி கேட்க 'ஒத்தாசைப் பக்கம்' இருக்கு. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியா ஒரு பேச்சுப் பக்கமும் உண்டு. ஆனா இதுல எதுவுமே லைவ் கிடையாது. இன்னைக்கு ஒரு கேள்வி போட்டா பத்து நிமிஷத்துல பதில் வரலாம், மூணு நாள் கழிச்சும் வரலாம்.

விக்கிக்குள்ளேயே ஒரு சாட் வேணும் என்பது என் கருத்து. முடிவு எடுக்க இல்ல, புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித் தர மட்டும்.

எங்க ஊர் சுரண்டையையே எடுத்துக்கோங்க. 2019 நவம்பர் 22 அன்னைக்குத் தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. அதுவரைக்கும் நாங்க திருநெல்வேலி மாவட்டம். 2021-ல சுரண்டை பேரூராட்சி நகராட்சி ஆச்சு. ரெண்டே வருஷத்துல ஒரு ஊரோட ரெண்டு அடிப்படைத் தகவல் மாறிடுச்சு. கடையநல்லூர், பாவூர்சத்திரம், வீரகேரளம்புதூர்னு சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துக்கும் மாவட்டப் பேரை மாத்தியாகணும். சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி எப்போ பூக்கும், குற்றால சீசன் எப்படி இருக்கும்னு எழுத உள்ளூர்க்காரங்கதான் சரியான ஆளு.

அப்படி ஒரு உள்ளூர்ப் பையன் 'தொகு' பட்டனை அழுத்துறான்னு வைங்க. எழுதின தகவல் சரிதான், ஆனா சான்று போடல. அனுபவமுள்ள ஒருத்தர் அதை நீக்கிடுறார். அவர் செஞ்சது விதிப்படி சரி. ஆனா காரணம் வரலாற்றுப் பக்கத்துல ஒரே ஒரு வரியா கிடக்கும். அப்படி ஒரு பக்கம் இருக்கிறதே இவனுக்குத் தெரியாது. "சான்றை இங்க போடுங்க தம்பி"ன்னு அப்பவே ஒருத்தர் சொல்லியிருந்தா நின்னிருப்பான். நாமெல்லாம் வாட்ஸ்அப்ல வளர்ந்த ஆளுங்க. பதில் வரலன்னா கிளம்பிடுவோம், திரும்பி வந்து பார்க்க மாட்டோம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் புதியவங்களுக்காகவே 2012-ல 'டீஹவுஸ்'னு ஒரு பக்கம் தொடங்கினாங்க. நல்ல ஐடியா, ஆனா அதுவும் லைவ் இல்ல. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, விக்கிமீடியாவில் மெஷினுக்கு ரியல் டைம் இருக்கு! யார் எந்தப் பக்கத்தைத் திருத்தினாலும் அந்தத் தகவல் உடனுக்குடன் 'ஈவென்ட்ஸ்ட்ரீம்ஸ்' வழியா ஓடிட்டே இருக்கும். பாட்டுக்கு உடனே தெரியுது. திருத்தின மனுஷனுக்கு மட்டும்தான் காத்திருப்பு.

சரி, அப்போ எல்லாப் பேச்சையும் சாட்டுக்கு மாத்திடலாமா? கூடாது. 2003-ல தொடங்கின தமிழ் விக்கிப்பீடியா ஒரே ஊர்ல உட்கார்ந்து கட்டினது இல்ல. ஆரம்ப காலத்துல அதுக்கு அடித்தளம் போட்ட இ. மயூரநாதன் இலங்கைக்காரர், வளைகுடாவுல இருந்துகிட்டு எழுதினவர். யாழ்ப்பாணம், டொராண்டோ, சிட்னின்னு எல்லா இடத்துலயும் தமிழர்கள் இருக்காங்க. நமக்கு ராத்திரி 9 மணின்னா டொராண்டோவில் ஆபீஸ் நேரம், சிட்னியில் நடுராத்திரி தாண்டிடும். சாட்ல முடிவெடுத்தா அது அந்த நேரத்துல முழிச்சிருந்தவங்க முடிவு. பேச்சுப் பக்கத்துல மெதுவா நடந்த விவாதத்தை, 10 வருஷம் கழிச்சு வர்றவரும் படிச்சு ஏன் இப்படி முடிவாச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

ரெண்டையும் ஒண்ணாக் கலக்கிப் பார்த்த கதையும் இருக்கு. 2009-ல கூகுள் 'வேவ்'னு ஒண்ணை அறிமுகப்படுத்துச்சு. சாட்டும் அதுதான், எல்லாரும் சேர்ந்து திருத்துற ஆவணமும் அதுதான். பலருக்கு அதை எதுக்குப் பயன்படுத்தணும்னே பிடிபடல. 2010 ஆகஸ்ட்லயே நிறுத்துறோம்னு அறிவிச்சுட்டாங்க.

"அப்போ சாட்டே வேண்டாமே"ன்னு சிலர் சொல்லலாம். ஆனா சாட் ஏற்கெனவே நடந்துட்டுதான் இருக்கு. விக்கிமீடியர்கள் பல வருஷமா ஐ.ஆர்.சி.யில் பேசுறாங்க. டெலிகிராம், டிஸ்கார்டுன்னு குழுக்களும் இருக்கு. எல்லாமே விக்கிக்கு வெளிய. உள்ள இருக்கிறவங்களுக்கு லிங்க் தெரியும், புதுசா வர்ற பையனுக்குத் தெரியாது. யாருக்கு அதிகம் தேவையோ அவங்களுக்குத்தான் அந்தக் கதவு கண்ணுக்குத் தெரியல.

அதனால நான் கேட்கிறது ரொம்பச் சின்னது. தொகுக்கிற பக்கத்துலயே 'கேளுங்க'ன்னு ஒரு பட்டன். தினமும் சாயங்காலம் 7 முதல் 9 வரை மட்டும் சாட் திறந்திருக்கும், அனுபவமுள்ள ரெண்டு பேர் இருப்பாங்க. மத்த நேரத்துல போடுற கேள்வி தானா ஒத்தாசைப் பக்கத்துக்குப் போயிடும். நல்ல பதிலை, பேசின ரெண்டு பேரும் சம்மதிச்சா, ஒரே கிளிக்கில் பேச்சுப் பக்கத்துல சேர்க்கலாம். எதை நீக்கலாம், எதை வைக்கலாம்ங்கிற விவாதம் அங்க வரவே கூடாது. அது ஆலமரத்தடிக்கும் பேச்சுப் பக்கத்துக்கும் உரியது.

டெக்னிக்கலாவும் இது மலை இல்ல. மீடியாவிக்கி பி.எச்.பி.யில் எழுதினது. ஒரு கோரிக்கை வந்தா பதில் கொடுத்துட்டு வேலையை முடிச்சுக்கும். சாட்டுக்கு இணைப்பு திறந்தே இருக்கணும். அதனால வெப்சாக்கெட் வெச்சு தனி சர்வீஸா ஓட்டணும். தன்னார்வலர்கள் செய்யுற கருவிகளை ஓட்ட விக்கிமீடியாவே 'டூல்ஃபோர்ஜ்'னு இலவச இடம் தருது. முதல்ல அங்க சின்னதா ஒண்ணு ஓட்டிக் காட்டலாம்.

வருஷா வருஷம் ஃபைனல் இயர்ல முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற ப்ராஜெக்டையே செஞ்சுட்டு இருக்கோம். மூணு பேர் டீம் ஒரு செமஸ்டர்ல இதை முடிச்சிடலாம். கோடு எழுதுறது கஷ்டமில்ல. தினம் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, அதே கேள்விக்கு அம்பதாவது தடவையும் முகம் சுளிக்காம பதில் சொல்ல ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம். ஜூனியர்ஸ், யாராவது இதைக் கையில எடுத்தா, அந்த ஆள் யாருன்னு முதல்ல பேசி முடிங்க. ரெபோவை அப்புறம் திறக்கலாம்.