தாளில் ஒரு எடை, தராசில் ஒரு எடை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நட்பு, தன்னம்பிக்கை, அன்னையின் அன்பு என்று நல்ல தலைப்பை எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மெக்கானிக்கல்காரனுக்கு மிஞ்சியது கிலோ கணக்குதான். சிரிக்க வேண்டாம். இந்தக் கிலோ கணக்கில் என் அத்தை மகனுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்திருக்கிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் சொந்தத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் கரண்ட் பில்லாகட்டும், பேங்க் நோட்டீஸாகட்டும், எந்தக் காகிதம் வந்தாலும் "தம்பி படிச்சவன், அவன்கிட்ட குடு" என்று என் கைக்கு வந்துவிடும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

மச்சானுக்குக் கொல்லிமலையில் ஊர் ஊராகப் போய் மிளகும் காப்பிக்கொட்டையும் கொள்முதல் செய்யும் வேலை. தார் ரோடு முடிகிற இடத்தில்தான் அவருக்கு வேலையே ஆரம்பிக்கும். பழைய ஸ்பிளெண்டரை வைத்துக்கொண்டு கல்லிலும் சேற்றிலும் பட்ட பாடு போதும் என்று, லோன் போட்டு ஒரு ஆஃப் ரோடு பைக் வாங்க முடிவு செய்தார். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்பது இங்கே வேண்டாம். ஷோரூமில் கொடுத்த வழவழப்பான தாளை என்னிடம் நீட்டி, "எவ்வளவு கனம்னு பாரு மாப்ள. மலையில ஒத்தையில போறவன் நான்" என்றார்.

பார்த்தேன். 148 கிலோ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "ஸ்பிளெண்டர் 112 மச்சான். முப்பத்தாறு கிலோதான் கூட. சமாளிச்சிடலாம்" என்றேன். அந்த 148-க்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. தாளின் அடியில் அதைவிடச் சின்ன எழுத்தில் 'டிரை வெயிட்' என்று போட்டிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

போன ஐப்பசி மழையில் ஒரு செம்மண் வளைவில் வண்டி சறுக்கி மச்சானின் இடது கால்மேல் விழுந்தது. ஒற்றை ஆள். போனில் டவர் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்த தோட்ட வேலைக்காரர்கள் இரண்டு பேர் தூக்கி எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, "148ன்னு சொன்னியே மாப்ள, அப்படித் தெரியலையே" என்றார். திட்டவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம். மூன்று மாதம் வேலை கிடையாது. லோன் தவணை மட்டும் நிற்காமல் போனது.

வண்டியை ஊருக்குக் கொண்டுவந்ததும் அப்பாதான் "சும்மா பேசிக்கிட்டு இருக்காம, போட்டுப் பாத்துரலாம்டா" என்றார். ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு. கேட்டதும் இரண்டு எலக்ட்ரானிக் பிளாட்பாரத் தராசு கிடைத்தது. சமமான தரையில் ஒரு தராசில் முன் சக்கரம், இன்னொன்றில் பின் சக்கரம். வண்டியை நேராக நிறுத்திப் பிடித்தோம். நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் மார்க்குக்காகப் போடும் சப்போர்ட் ரியாக்‌ஷன் கணக்குதான் இது. இரண்டு ரியாக்‌ஷனையும் கூட்டினால் மொத்த எடை. (தராசு ஒன்றுதான் இருக்கிறது என்றால் அடுத்த சக்கரத்துக்கு அதே உயரத்தில் பலகை வைத்து, மாற்றி மாற்றிப் போடலாம். உயரம் மாறினால் கணக்கும் மாறிப்போகும்.)

முன் சக்கரம் 81. பின் சக்கரம் 93. மொத்தம் 174 கிலோ. தாளில் இருந்ததைவிட 26 கிலோ கூடுதல்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாக்கு கழிச்சுச் சொல்லியிருக்கானுங்க" என்றார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்த கிராஷ் கார்டும் பின் கேரியரும் எட்டரை கிலோ. டேங்க் 12 லிட்டர், அன்றைக்கு முழுசாக நிரப்பியிருந்தோம். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் 9 கிலோ. பேட்டரி 3. இன்ஜின் ஆயில், ஃபோர்க் ஆயில் சேர்த்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சேலை சிக்காமல் இருக்கச் சட்டப்படி பின் சக்கரத்துக்குப் போடும் சாரி கார்டு, நம்பர் பிளேட் எல்லாம் ஒன்றரை. ஆக இருபத்து நாலு கிலோ கணக்கில் வந்துவிட்டது. மீதி இரண்டு கிலோ கொல்லிமலைச் சேறாக இருக்கும்.

ஆகவே கம்பெனி பொய் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துப் போனது பொய்யை. கிடைத்தது கழிவுக் கணக்கு. ஆனால் மண்டியில் சாக்கு எடையைக் கழிப்பது, வாங்குகிறவன் சாக்குக்கும் காசு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. இங்கே கழித்தது யாருக்காக?

பிறகுதான் மற்ற வண்டிகளின் தாள்களையும் தேடிப் படித்தேன். 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கு 154 கிலோ என்று போட்டார்கள். அது கெர்ப் வெயிட், அதாவது ஓட்டத் தயாரான எடை. நம் சென்னைப் பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு (2023) இரண்டையும் போடுகிறார்கள்: டிரை 181, ஆயிலும் 90 சதவீதம் பெட்ரோலும் சேர்த்து 196. டேங்க் 17 லிட்டர். அதில் 90 சதவீதம் பதினைந்தே கால் லிட்டர், பதினோரு கிலோ சொச்சம். மீதி மூன்றரை கிலோ ஆயில், கூலண்ட் என்று சொன்னால் கணக்கு உதைக்கவில்லை. 2020-ல் வந்த கே.டி.எம். 390 அட்வெஞ்சருக்கு வெளிநாட்டுத் தாளில் டிரை 158, இந்தியாவில் கெர்ப் 177. வித்தியாசம் 19 கிலோ. டேங்க் பதினாலரை லிட்டர், அது முழுசாக இருந்தாலும் 11 கிலோதான். மீதி எட்டு கிலோ எது எது என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நமக்குத் தெரிவதில்லை.

டிரை என்கிற சொல்லில்தான் கோளாறு. ஒருவர் பெட்ரோலை மட்டும் வடித்துவிட்டு டிரை என்பார். இன்னொருவர் ஆயில், கூலண்ட், பேட்டரி வரைக்கும் எடுத்துவிட்டு டிரை என்பார். ஐரோப்பாவில் 168/2013 என்ற சட்டவிதிப்படி, ஓட்டத் தயாரான எடை என்றால் டேங்கில் குறைந்தது 90 சதவீதம் எரிபொருள் இருக்க வேண்டும். அப்படி ஒரு வரையறை இருந்தால் இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இல்லாவிட்டால் பருத்தியையும் பஞ்சையும் ஒரே தராசில் போட்ட கதைதான்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் இதற்கு எதிர்வாதம் செய்தான். "டேங்க் சைஸ் வண்டிக்கு வண்டி வேற. பெட்ரோலைக் கழிச்சாத்தான்டா வண்டியோட நிஜ எடை தெரியும்" என்றான். அதில் நியாயம் இருக்கிறது. ரேஸ் ஓட்டுகிறவனுக்கு அந்த எண் வேண்டும், அவன் தேவைக்கு அளந்துதான் பெட்ரோல் ஊற்றுவான். அதனால் டிரை எடையை எடுத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். எது கொட்டை எழுத்தில், எது எறும்பு எழுத்தில் என்பதில்தான் எனக்குச் சண்டை.

ஏன் சண்டை என்றால், ஆஃப் ரோடு வண்டி விழாமல் இருக்காது. விழுந்த வண்டியைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று மொமென்ட் போட்டுப் பார்த்தேன். டயர் தரையில் படும் கோட்டிலிருந்து வண்டியின் சென்டர் ஆஃப் கிராவிட்டி ஏறத்தாழ அரை மீட்டர், ஹேண்டில்பார் முனை ஏறத்தாழ ஒரு மீட்டர். அப்படியானால் முதலில் கிளப்பவே மொத்த எடையில் பாதி வேண்டும், 174-க்கு 87 கிலோ. சரிவில் தலைகீழாகக் கிடந்தால் இன்னும் மேலே. என் அப்பா இருபது வருஷமாக 75 கிலோ மூட்டை சுமக்கிறார். அவருக்கே மூட்டையை முதுகில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். கால் அடியில் மாட்டியிருக்கிற மச்சான் 87 கிலோவை எப்படிக் கிளப்புவார்?

இதில் வேடிக்கை என்னவென்றால், சரியான எடை மச்சான் வீட்டு பீரோவிலேயே இருந்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 'அன்லேடன் வெயிட்' என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, ஓட்டுநரைத் தவிர்த்து, ஓடும்போது வழக்கமாக இருக்கும் சாதனங்கள் எல்லாவற்றையும் சேர்த்த எடை என்கிறது. அந்த எடை ஆர்.சி.யில் அச்சாகிறது. எடுத்துப் பார்த்தேன், 163 என்று இருந்தது. கேரியரையும் சேற்றையும் கழித்தால் எங்கள் தராசுக்குக் கிட்டத்தட்டச் சரி. ஆனால் ஆர்.சி. எப்போது கைக்கு வரும்? பணம் கட்டி, வண்டி வீட்டுக்கு வந்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் ஏற்றி, எல்லாம் முடிந்த பிறகு.

ஆர்.சி.யில் போடுகிற எண்ணை ஷோரூம் தாளில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். முன் சக்கரம் எவ்வளவு, பின் சக்கரம் எவ்வளவு என்று பிரித்தும் போட வேண்டும். ஷோரூமில் மாட்டிவிடும் ஒவ்வொரு கார்டுக்கும் விலையோடு கிலோவையும் பில்லில் எழுத வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. அச்சு மைதான் கொஞ்சம் கூடும்.

மச்சான் இப்போது நடக்கிறார், தை கழிந்து மலைக்கும் போக ஆரம்பித்துவிட்டார். கேரியரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். டேங்கில் பாதிதான் நிரப்புகிறார். மழை நாளில் தனியாகப் போவதில்லை. எந்தக் காகிதமாக இருந்தாலும் இன்னமும் என்னிடம்தான் நீட்டுகிறார். நான் அடியிலிருந்து மேலே படிக்கிறேன்.

அடுத்த செமஸ்டரில் நம் ஒர்க்‌ஷாப் வாசலில் இரண்டு தராசு வைத்து, மாணவர்கள், ஆசிரியர்கள் வண்டிகளை எல்லாம் எடை போட்டு, தாள் எடையையும் தராசு எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம் என்று இருக்கிறேன். தராசு தருவதாக அப்பாவின் மண்டி மேஸ்திரி சொல்லியிருக்கிறார். வண்டியை நேராகப் பிடிக்க ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள். டேங்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள். பெட்ரோல் காசு சங்கம் தராது, முன்னாலேயே சொல்லிவிட்டேன்.