குரோஷா ஊசி என்ன வெடிகுண்டா?

பஞ்சாலைகளால் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயர் வாங்கிய ஊர் கோவை. அந்த ஊரின் பீளமேடு விமான நிலையத்தில், கைப்பையில் நூல்கண்டும் குரோஷா ஊசியும் வைத்திருக்கும் அம்மணிக்கு ஸ்கேனரைத் தாண்டும்வரை வயிற்றில் புளி கரைகிறது. விடுவார்களா, பிடுங்குவார்களா?

ஊசி என்பது பெயர்தானுங்க. முனை மொன்னை, ஒரு கொக்கி, அவ்வளவுதான். சட்டைப்பையில் இருக்கும் பால்பாயின்ட் பேனா அதைவிடக் கூர்மை. அதை யாராவது பிடுங்குகிறார்களா?

2001 செப்டம்பர் 11-ல் அடிவாங்கிய அமெரிக்காவே குரோஷா ஊசியைக் கேபினில் விடுகிறது. 2005 டிசம்பரிலேயே 4 அங்குலத்துக்கு உட்பட்ட கத்தரிக்கோலையும் அனுமதித்துவிட்டது.

"அப்போ பாதுகாப்பு?" என்பார்கள். வேண்டும்தான். சபரிமலை இருமுடித் தேங்காயை 2024 அக்டோபரில் கேபினில் அனுமதித்தார்களே, 2025 ஜனவரி 20 வரை! எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கைச்சோதனை எல்லாம் செய்துதான் விட்டார்கள். பாதுகாப்பு ஒன்றும் குலைந்துபோகவில்லை.

தேங்காய்க்கு உத்தரவு போட முடிகிறது. குரோஷா ஊசிக்குத் தெளிவாக, தமிழில், ஒரு வரி எழுதி மாட்ட முடியாதா? அதுவும் செக்-இன் கவுன்ட்டரிலேயே. பெட்டி உள்ளே போனபிறகு ஸ்கேனர் பக்கத்தில் "கூடாது" என்றால், ஊசி குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். சிங்கப்பூர்ப் பேரனுக்குப் பின்னிய ஸ்வெட்டர் ஒற்றைக் கையோடு போய் இறங்கும்!